கயிறா, பிளாட்பெட்டா?

எண்ணூர் விரைவுச் சாலையில் கார் நின்றுபோனால், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதலில் கயிறு கேட்கத்தான் தோன்றும். மேனுவல் கியர் வண்டி, மெக்கானிக் கடையும் பக்கத்தில் என்றால் டோ பெல்ட், அதாவது இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கும் பட்டை, போதும். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். சாவியை ஆனில் வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். போன மழையில் வியாசர்பாடியில் மச்சான் வண்டி இழுக்க, பின்னால் நான். இரண்டு காலாலும் மிதித்தும், அவர் பம்பருக்கு ஒரு சாண் தள்ளித்தான் நின்றேன்.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் பிளாட்பெட்தான், அதாவது காரை முழுதாக மேலே ஏற்றிப் போகும் தட்டை லாரி; யோசிக்கவே வேண்டாம். கியர்பாக்ஸுக்கு எண்ணெய் அனுப்பும் பம்ப்பை இன்ஜின்தான் சுற்றுகிறது. அது நின்றிருக்க, சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே தேய்ந்து கருகும். எலெக்ட்ரிக் காருக்கும் இதே வழிதான். செலவு அதிகம், அந்த லாரி ராயபுரம் சந்துக்குள் நுழையாது. ஆனாலும் என் ஓட்டு இதற்கே. ஏற்றியதும் நாலு சக்கரத்திலும் பட்டை கட்டச் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, தளர்ந்ததை மறுபடி இறுக்க வேண்டும்.

எதுவானாலும், காசிமேட்டு உப்புக்காற்று கொக்கியை விடாது. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவுங்கள். பெல்ட்டின் தையலை விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் அன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள்.