குல்லா விளிம்புக்கு எது சரி: லாங் டெயிலா, ஜெர்மன் ட்விஸ்டடா?

மூணாறு மாதிரி ஊரில் உல்லன் குல்லா அழகுக்குப் போடுவதில்லை. செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் ஜனவரியில் புல்மேல் உறைபனியே படியும். அந்தக் குளிரிலும் என் மாமனார், "நெத்தில கோடு விழுதும்மா" என்று நான் பின்னிய குல்லாவைக் கழற்றிக் கழற்றி வைத்தார். நேர்ப் பின்னலும் எதிர்ப் பின்னலும் மாறி மாறி வரும் ரிப் பட்டை நன்றாகத்தான் இழுபட்டது. அதற்குக் கீழே, முதலில் ஏற்றிய கண்ணி வரிசைதான் கம்பி மாதிரி நின்றது. அதன் பிறகுதான் விளிம்பு இழுபடும்படி முதல் கண்ணிகளை ஊசியில் ஏற்றுகிற முறைகளை (லாங் டெயில், ஜெர்மன் ட்விஸ்டட் எல்லாம் அப்படிப்பட்டவைதான்) தேடிப் பழகினேன்.

சில முறைகளை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். கேபிள் முறை உறுதியானது, பட்டன் துளைக்கு நல்லது, குல்லாவுக்கு வேண்டாம். கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி ஊசியில் மாட்டும் சாதாரண வளையம் குழந்தைகளுக்குச் சொல்லித்தரச் சரி. ஆனால் முதல் வரிசையைப் பின்னப் பின்னக் கண்ணிகளுக்கு நடுவில் நூல் நீண்டுகொண்டே போகும்.

மிச்சம் இருப்பது லாங் டெயில், ஜெர்மன் ட்விஸ்டட், ட்யூபுலர்.

லாங் டெயில் பெரும்பாலோருக்குத் தெரியும்: நூலின் நீண்ட வாலைக் கட்டைவிரலிலும் உருண்டைப் பக்க நூலை ஆள்காட்டி விரலிலும் மாட்டிக் கண்ணி ஏற்றுவது. அது இறுகுகிறது என்றால் உடனே கிடைக்கும் யோசனை, "பெரிய ஊசியில் ஏற்று". எட்டாம் நம்பர், அதாவது 4 மி.மீ. ஊசியில் பின்னுகிறவர் ஆறாம் நம்பரில் ஏற்றுவார் (நம் கடை நம்பரில் எண் குறையக் குறைய ஊசி தடிமனாகும்). இதில் பாதிதான் பலன். ஊசி பெரிதானால் கண்ணியின் உயரம் கூடும், அவ்வளவுதான். விளிம்பு எவ்வளவு இழுபடும் என்பதை முடிவு செய்வது அடியில் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓடும் நூலின் நீளம். ஆகவே ஊசியை மாற்றாமல், ஒவ்வொரு கண்ணிக்கும் இடையில் ஆள்காட்டி விரல் நுனியை வைத்துக் கொஞ்சம் இடம் விட்டு ஏற்றினாலே நன்றாக இழுபடும்.

ஆனால் இழுபட்டால் மட்டும் போதுமா? திரும்பச் சுருங்க வேண்டுமே. என்னைப் பொறுத்தவரை முடிவு இங்கேதான். பஜாரில் நாம் வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக். கம்பளி நூல் துவைத்ததும் ஓரளவு பழைய நிலைக்கு வரும். அக்ரிலிக் அப்படி வராது. போதாக்குறைக்கு மழைக்காலத்தில் லயத்தில் (எஸ்டேட் வரிசை வீடுகளில்) துணி காய்வது அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில். ஈரப் பாரத்தில் தொங்கும், கீழே கஞ்சிப்பானை ஆவி விடும். நல்ல சூடான நீராவி பட்டால் அக்ரிலிக் தன் துள்ளலை ஒரேயடியாக இழந்துவிடும். இடம் விட்டு ஏற்றிய லாங் டெயில் விளிம்பு இப்படிச் சில துவைப்பிலேயே அலை அலையாக விரிந்து, காது வழியாகக் காற்றை உள்ளே விடுகிறது.

ஜெர்மன் ட்விஸ்டட் இங்கேதான் ஜெயிக்கிறது. கையில் நூல் பிடிப்பது லாங் டெயிலுக்கு உள்ள அதே கவண் மாதிரிப் பிடிதான். ஊசி மட்டும் கட்டைவிரலில் உள்ள இரண்டு இழைக்கும் அடியில் போய், உள் இழைக்கு மேலாக வளையத்துக்குள் இறங்கி, முன் இழைக்கு அடியில் நம் பக்கம் வர வேண்டும். இப்போது வளையம் பெருக்கல் குறியாக முறுக்கியிருக்கும். ஆள்காட்டி விரல் நூலைக் கொக்கி போட்டு எடுத்து, கட்டைவிரலை உள்பக்கம் மடக்கினால் முறுக்குக்குக் கீழே ஒரு வாசல் திறக்கும். அதன் வழியே ஊசியை இறக்கி, வளையத்தை விட்டு, மெதுவாக இழுத்தால் ஒரு கண்ணி. பழகுகிறவர்கள் தடுமாறுவது அந்தக் கட்டைவிரல் மடக்கலில்தான்.

ஒவ்வொரு கண்ணிக்கு அடியிலும் இருக்கும் அந்தக் கூடுதல் முறுக்கில்தான் இழுபடுவதற்கான நூல் இருக்கிறது. இழுத்தால் முறுக்கு நெகிழும், விட்டால் கூடும். கண்ணிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டியதில்லை, அதனால் விளிம்பு தொளதொளக்கவும் இல்லை. குறையும் உண்டு: ஓரம் சற்றுத் தடிப்பாகத் தெரியும், தடித்த நூலில் போட்டால் இன்னும் முரடாக இருக்கும்.

ட்யூபுலர் பற்றி அதிகம் பேச எனக்கு அனுபவம் போதாது. ஒன்றுக்கு ஒன்று ரிப்பில் விளிம்பே இல்லாதது போல அத்தனை அழகு. குழந்தைக் குல்லாவில் போட்டுப் பார்த்தேன், பிள்ளை வளர்ந்துவிட்டதால் அது எத்தனை துவைப்பைத் தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியவில்லை. இரண்டுக்கு இரண்டு ரிப்புக்குக் கண்ணிகளை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

நூல் அளவு மட்டும் கவனம். லாங் டெயிலுக்குக் கண்ணிக்கு 2.5 செ.மீ. வால் என்று கணக்கு வைத்தால், 98 கண்ணிக்குச் சுமார் இரண்டரை மீட்டர். ஜெர்மன் ட்விஸ்டடுக்கு அதைவிடக் கால் பங்காவது கூட விடுங்கள். நேர் ஊசியில் பின்னுகிறவர் என்றால், மிஞ்சும் வாலிலேயே குல்லாவின் பின்பக்கத்தைச் சேர்த்துத் தைத்துவிடலாம்.