கியர்பாக்ஸை இறக்கியதாக பில் போட்டார்கள், போல்ட்டில் ஸ்பேனரே படவில்லை

கடலூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் யாராவது சமீபத்தில் "பேக் சீல் போயிடுச்சு" என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டியிருந்தால், இதைப் படித்துவிட்டு வண்டியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பேக் சீல் என்பது இன்ஜின் ஆயில் கியர்பாக்ஸ் பக்கம் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம், அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். என்னிடம் 9,600 ரூபாய் வாங்கினார்கள். கியர்பாக்ஸ் இறங்கவே இல்லை.

வண்டி அப்பாவுடையது. 1999 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. இப்போது அவருக்கு 74 வயது, கண் பார்வை குறைந்ததால் நான்தான் ஓட்டுகிறேன். திருப்பாப்புலியூர் வீட்டு வாசலில் வண்டி நிற்கிற இடத்தில் ஜனவரி முதல் எண்ணெய்த் திட்டு தெரிய ஆரம்பித்தது. முதலில் ஒரு ரூபாய் காசு அளவு, பிறகு தோசைக் கரண்டி அளவு. அப்பா பழைய பேப்பரை அடியில் விரித்துக் காலையில் எடுத்துப் பார்த்தார். கறுப்பும் பழுப்புமாக இருந்தது. "இன்ஜின் ஆயில்தான். கியர் ஆயில்னா கெட்டியா, கந்தக நாத்தம் அடிக்கும்" என்றார். டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தது. மூன்று லிட்டர்கூடப் பிடிக்காத இன்ஜின் இது. அரை லிட்டர் குறைந்தாலே கவலைப்பட வேண்டும்.

ஊருக்குள் பெரிய போர்டு வைத்த ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டேன். அங்கிருந்தவர் வண்டியைத் தூக்கக்கூட இல்லை. குனிந்து டார்ச் அடித்துவிட்டு, "மேடம், கிராங்க் பேக் சீல் போயிடுச்சு. கியர்பாக்ஸ் இறக்கணும். இறக்கறப்பவே கிளட்ச் செட்டும் மாத்திடுங்க, ரெண்டு தடவை கூலி மிச்சம்" என்றார். நான் கேள்விப்பட்ட வரையில் அந்தப் பேச்சில் தப்பு எதுவும் தெரியவில்லை. பழைய வண்டியில் பேக் சீல் போவது உண்மையிலேயே நடக்கும். அதை மாற்றக் கியர்பாக்ஸைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதும் உண்மை. அதனால்தான் இந்தப் பொய் எளிதில் எடுபடுகிறது.

இரண்டு நாளில் வண்டி வந்தது. கூலி 4,500, சீல் 650, கிளட்ச் செட் 3,200, கியர் ஆயில் 900, வாட்டர் வாஷ் 350. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பழைய பாகம் கேட்டபோது ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தைப் பையில் போட்டுத் தந்தார்கள். பழைய கிளட்ச் பிளேட்டை "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு" என்றார்கள். அங்கேயே நான் நின்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ஐந்து நாள் வாசல் சுத்தமாக இருந்தது. ஆறாம் நாள் பேப்பரில் அதே இடத்தில் அதே கறை. போன் பண்ணினால், "பழைய வண்டின்னா அப்படித்தான் மேடம், லேசா கசியத்தான் செய்யும்" என்று பதில்.

அப்புறம்தான் முதுநகரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். தகரக் கொட்டகை, ஒரு ஆள், உதவிக்கு ஒரு பையன். நான் கதை சொல்ல ஆரம்பித்ததும் கையமர்த்தினார். "இரும்மா. எண்ணெய் மேலேர்ந்து கீழே வரும். சொட்டுற எடத்தைப் பாத்து எதுவும் சொல்லக் கூடாது" என்றார். பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துத் தருகிற டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கார்புரேட்டருக்கும் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டு, டீசல் நனைத்த பிரஷ்ஷால் இன்ஜினைத் தேய்க்க ஆரம்பித்தார். கியர்பாக்ஸ் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கியர்பாக்ஸ் இறக்குனாங்கன்னா சொன்ன?"

"ஆமாண்ணே."

இன்ஜினோடு கியர்பாக்ஸ் சேரும் இடத்தில், மேல்பக்க போல்ட்டுகளைக் காட்டினார். தலை தெரியாத அளவுக்கு மண்ணும் பழைய கிரீஸும் கட்டியாக இறுகிப் போயிருந்தன. ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினால் ஓடு மாதிரி பெயர்ந்தது. அடியில் துரு. ஸ்பேனர் பட்ட போல்ட் என்றால் முனையில் பளபளப்பான கீறல் இருக்க வேண்டும், ஒன்றிலும் இல்லை. கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். புது ஆயில் ஊற்றியதாகச் சொன்ன இடத்தில் தார் நிறத்தில் பழைய ஆயில். சுத்தம் பண்ணுவதற்கு முன்பே எல்லாவற்றையும் படம் எடுக்கச் சொன்னார். அந்த யோசனை எனக்குத் தோன்றியிருக்காது.

டிக்கியில் கிடந்த ரப்பர் வளையத்தையும் காட்டினேன். சின்னப் பிள்ளை வளையல் அளவுதான் இருந்தது. பேக் சீல் என்பது ஃப்ளைவீல் பொருத்தும் பருமனான இடத்தைச் சுற்றி உட்காருவது, உள்ளங்கையை மறைக்கும் அளவு வரும் என்றார். என் கையில் கொடுத்தது வேறு எதனுடைய சீலோ.

சரி, கசிவு எங்கே? இன்ஜின் காய்ந்த பிறகு சந்துகளில் எல்லாம் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு, "நெல்லிக்குப்பம் வரைக்கும் போய்ட்டு வாம்மா" என்றார். திரும்பி வந்து பானட்டைத் தூக்கினால், வெள்ளைப் பவுடரில் விரல் அகலத்துக்கு ஒரே ஒரு பழுப்புக் கோடு. இன்ஜின் மேல்பக்கத்தை மூடுகிற டேப்பட் கவரின் ஓரத்தில் தொடங்கி, டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் வளைந்து, கியர்பாக்ஸ் மேல் இறங்கியிருந்தது. அங்கிருந்து கீழே போய், பேக் சீல் கசிந்தால் எங்கே சொட்டுமோ சரியாக அந்த இடத்தில் சொட்டுகிறது. கீழே பவுடர் மேல் அந்த ஒரு கோட்டைத் தவிர வேறு ஈரம் இல்லை.

கவரைக் கழற்றினார். கவர் ஓரத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற பேக்கிங் வெயிலில் காய்ந்த வற்றல் மாதிரி விறைத்து, எடுக்கும்போதே நாலு துண்டாக முறிந்தது. அதோடு விடவில்லை. கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகிற பிரீதர் குழாயை எடுத்து வாயால் ஊதச் சொன்னார். காற்றே போகவில்லை. உள்ளே கறுப்புக் களிம்பு அடைத்திருந்தது. இன்ஜினுக்குள் சேருகிற காற்று வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறினால், எந்தப் பேக்கிங் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வரும். பேக்கிங்கை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் மறுபடி கசிந்திருக்கும் என்றார். டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தையும் மாற்றினார். கவர் நட்டுகளை இரண்டு விரலால் ஸ்பேனரைப் பிடித்து மெதுவாகத்தான் முறுக்கினார். அதிகமாக முறுக்கினால் தகரக் கவர் வளைந்து அதுவே கசிவுக்குக் காரணமாகுமாம். பேக்கிங், ஓ-ரிங், புதுக் குழாய், கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். பழைய துண்டுகளைக் கேட்காமலே பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

எனக்கு ஆறவே இல்லை. பணம் ஒரு பக்கம். ஆயில் குறைந்த வண்டியில், எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குப் புதுச்சேரி வரை கூட்டிப் போயிருக்கிறேன். வழியில் ஆயில் லைட் எரிந்து இன்ஜின் இறுகிப்போய் நின்றிருந்தால்?

படங்களோடு பழைய ஒர்க்ஷாப்புக்குப் போனேன். முதலில் குரலை உயர்த்தினார்கள். போல்ட் படத்தைக் காட்டி, "இந்த போல்ட்டைக் கழற்றாம கியர்பாக்ஸ் எப்படி இறங்குச்சு?" என்று மட்டும் கேட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசிவிட்டேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்றும் தெரியும் என்று சொன்னதும், கல்லாவிலிருந்து 6,000 ரூபாய் எடுத்து வைத்தார்கள். துண்டுச் சீட்டைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. உங்களிடமும் அப்படிக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். பணம் கொடுத்ததற்கு என்னிடம் இருக்கிற ஒரே எழுத்து அதுதான்.

இன்று வரை பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. மீதி 3,600 ரூபாய் இன்னும் வரவில்லை. இந்த வாரக் கடைசிக்குள் வரவில்லை என்றால் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். இதே மாதிரி பேக் சீல் என்று சொல்லி உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால், வண்டியைக் கழுவுவதற்கு முன் அந்த மேல் போல்ட்டுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள்.