டிடிஜி மெஷின் வாங்கலாமா, டிடிஎஃப் போதுமா?

திருப்பூரில் ஒரு பீஸ், இரண்டு பீஸ் ஆர்டரை நம்பி டீசர்ட் பிரிண்டிங் கடை போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். டிடிஜி (டைரக்ட் டு கார்மென்ட்) என்றால் துணியிலேயே நேராக அடிப்பது, டிடிஎஃப் (டைரக்ட் டு பிலிம்) என்றால் பிலிமில் அடித்துத் துணிக்கு மாற்றுவது. ஒரே டிசைனில் 500 டீசர்ட் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான், அதில் பேச்சே இல்லை.

டிடிஜியில் இங்க் நேராகத் துணியிலேயே இறங்கும். வெள்ளைக் காட்டனில் ஒரு போட்டோ அடித்துத் தடவிப் பாருங்கள், துணிதான் கையில் படும். அந்த மென்மை டிடிஎஃப்பில் வராது. ஆனால் கறுப்பு டீசர்ட்டுக்கு முதலில் ப்ரீட்ரீட்மென்ட் திரவம் தெளித்து, காயவைத்து, வெள்ளை இங்க் அடித்து, அதன்மேல்தான் மற்ற நிறங்கள். அந்த வெள்ளை இங்க்தான் தலைவலி. அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது, மெஷினைச் சும்மா போட்டுவைத்தால் அடியில் தங்கி, இங்க் தெளிக்கும் ஹெட்டை அடைத்துவிடும், தீபாவளிக்கு 4 நாள் ஊருக்குப் போனாலும் மனசு கடையிலேயே இருக்கும். பாலியஸ்டர் ஜெர்சிக்கு வழக்கமான டிடிஜி இங்க் சரிப்படாது.

டிடிஎஃப்பில் பிலிமில் அடித்து, பசைத்தூள் தூவி உருக்கி, 150 டிகிரி வாக்கில் 10, 15 விநாடி ஹீட் பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். காட்டனோ பாலியஸ்டரோ கவலை இல்லை. இதிலும் வெள்ளை இங்க் உண்டு, அதே அடைப்பும் உண்டு. ஆனால் பிலிமை மீட்டர் கணக்கில் வெளியே அடித்து வாங்கலாம், நமக்கு ஹீட் பிரஸ் மட்டும் போதும். நெஞ்சு முழுக்க டிசைன் போட்டால் வெயிலில் புழுங்கும், அது உண்மை.

தினமும் மெஷின் ஓடுமளவு காட்டன் ஆர்டர் வரும்வரை டிடிஜிக்காகக் கடன் வாங்காதீர்கள். அப்படியே ஒருவர் டிடிஜிதான் வேண்டும் என்று கேட்டு வந்தால், மெஷின் வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க் கொடுத்து அடித்துக்கொள்ளலாம்.