உரத்த ராக்கும் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரும்: முழுப் பேனலா, ஹைப்ரிடா, ஹார்னா?

நான் வாங்கி வைத்திருப்பது ஹைப்ரிட். மேலே எலெக்ட்ரோஸ்டாட்டிக் பேனல், கீழே பெட்டிக்குள் வழக்கமான ஊஃபர், அதாவது கீழ் ஸ்வரங்களுக்கான ஸ்பீக்கர். ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. அதற்கு முன் ஆறு வருடம் முழுப் பேனல் வைத்திருந்தேன், ஊஃபரே இல்லாமல் மொத்த ஒலியும் பேனலின் மெல்லிய பிளாஸ்டிக் படலத்திலிருந்தே வருகிற வகை. ஹார்ன், அதாவது கொம்பு போல விரியும் குழல் வழியாக ஒலியைத் தள்ளும் ஸ்பீக்கர், மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. நண்பர் ஒருவர் வெளியூர் போயிருந்தபோது அவருடைய ஜோடி ஒரு மாதம் என் அறையில் இருந்தது. அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு மாதப் பழக்கத்தை வைத்துத்தான்.

ராக் என்று இங்கே சொல்வது இரண்டு கிடார், ஒரு பாஸ், அடித்து நொறுக்கும் ட்ரம்ஸ், மேலே ஒரு தொண்டை கிழியும் குரல். வால்யூமைக் குறைத்தால் பாதி உயிர் போய்விடுகிற இசை.

"எலெக்ட்ரோஸ்டாட்டிக்கா? அது வயலினுக்கும் பாட்டுக்கும்தான், ராக்குக்கு ஆகாது" என்று சொல்வார்கள். இந்தப் பேச்சு சும்மா வந்ததில்லை. 1957இல் சந்தைக்கு வந்த முதல் குவாட் இஎஸ்எல், குவாட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்காகப் பீட்டர் வாக்கர் வடிவமைத்த எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர், மனிதக் குரலைக் காட்டிய விதத்துக்காக இன்றுவரை பேசப்படுகிறது. ஆனால் அதைக் கொஞ்சம் அதிகமாக முடுக்கினால் மேல் ஸ்வரங்களுக்கான ட்வீட்டர் பேனலில் பொறி பறக்கும், படலம் பொத்துப்போகும். 1981இல் வந்த இஎஸ்எல்-63இல் பாதுகாப்புச் சர்க்யூட் வைத்தார்கள், ஆபத்து தெரிந்தால் அது சிக்னலை அமுக்கிவிடும். பேனல் தப்பியது, பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பேனலில் ராக் கேட்பதில் என்ன சுகம் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை தொல்லை எதற்கு என்று தோன்றும். சில மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் படலம், அதில் சில ஆயிரம் வோல்ட் மின்னேற்றம், இரு பக்கமும் துளையிட்ட உலோகத் தகடுகள், அவ்வளவுதான் அமைப்பு. படலத்துக்கு எடையே இல்லை என்று சொல்லலாம், அதன் முழுப் பரப்பும் ஒரே நேரத்தில் அசைகிறது. கனமான டிஸ்டார்ஷன் போட்ட கிடார் சாதாரணப் பெட்டியில் ஒரே இரைச்சல் சுவராக வரும். பேனலில் இடது கிடாரின் கரகரப்பு வேறு, வலது கிடாரின் கரகரப்பு வேறு என்று தனித்தனியாகத் தெரியும், நடுவில் பாடகர் மூச்சிழுப்பதுகூடக் கேட்கும். தாளத்தட்டு 'ஷ்ஷ்' என்று கரையாமல் உலோகமாகவே ஒலிக்கும். இன்னொன்று, சாதாரண ஸ்பீக்கரின் கூம்பை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் பேனலில் கிடையவே கிடையாது. சாதாரண ஸ்பீக்கரை நெடுநேரம் உரக்க ஓட்டினால் காயில் சூடேறி, மின்தடை கூடி, சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிவிடும். பேனலில் அந்தப் பிரச்சினைக்கே வழியில்லை.

சரி, பிரச்சினை வேறு எங்கே? பாஸில், அதாவது கீழ் ஸ்வரங்களில். எல்லாம் அங்கேதான். எந்த ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்), எந்தக் கேபிள், எத்தனை வாட் என்று பேசும் பேச்சையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: கீழ் ஸ்வரங்களுக்கான காற்றை எது தள்ளுகிறது?

சத்தம் மாறாமல் ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு, போனால் படலம் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். அதுவும் மூடிய பெட்டிக்கான கணக்கு. பேனலுக்குப் பெட்டியே கிடையாது. முன்னால் எவ்வளவு ஒலி போகிறதோ அவ்வளவே எதிர்த்திசையில் பின்னாலும் போகிறது, பாஸ் அலைகள் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. அதை ஈடுகட்டப் பார்த்தால் நான்கு மடங்கு எட்டு மடங்காகிவிடும். 80 ஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் ஆடினால் போதும் என்றால் 40இல் நான்கு மில்லிமீட்டர். தகடுகளுக்கு இடையே படலத்துக்கு இருப்பதோ ஒரு பக்கத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். பாஸ் கிடாரின் அடிக் கம்பி, கீழ் இ, 41 ஹெர்ட்ஸ். கிக் ட்ரம்மின் அடியும் அந்த வட்டாரத்தில்தான். மென்மையான கச்சேரிப் பதிவில் எப்போதாவது எட்டிப் பார்க்கிற இந்த அதிர்வெண்கள் ராக்கில் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் வரும், விடாமல் வரும்.

போதாக்குறைக்கு, ஆம்பிலிருந்து வரும் வோல்டேஜைப் பெருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பேனலுக்குப் பின்னால் இருக்கிறது. கீழ் அதிர்வெண்ணில் சத்தம் ஏறும்போது அதன் நடுவிலுள்ள இரும்பும் காந்தப்புலத்தால் நிறைந்துபோய் மூச்சுமுட்டும். ஆக பாஸ் ஒன்றே படலத்தையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துப் பிடிக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், முழுப் பேனலில் வால்யூமை ஏற்றிக்கொண்டே போனபோது 'பட் பட்' என்று யாரோ அட்டையைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. படலம் தகட்டில் மோதுகிறது. சரி, பாஸ் குறை, ஒரு சப்வூஃபர், பாஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி, வாங்கினால் தீர்ந்தது என்று நினைத்து வாங்கினேன். பாஸ் வந்தது. அந்தப் 'பட் பட்' போகவில்லை. ஏன் போகும்? சப் தன் வேலையைச் செய்கிறது, ஆனால் பேனலுக்கு இன்னமும் முழுச் சிக்னலும் போய்க்கொண்டிருக்கிறது, அந்த 40 ஹெர்ட்ஸைத் தன் பங்குக்குத் தள்ளப் பார்த்து அதுவும் சாகிறது. நான்கு மாதம் கழித்து சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் ஒரு ஆக்டிவ் கிராஸ்ஓவர் வாங்கி, 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பேனலுக்குப் போகவிடாமல் ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டிய பிறகுதான் நிம்மதி. அன்று வால்யூம் எங்கேயோ போனது, பேனல் முனகவே இல்லை. 1970களிலேயே அமெரிக்க ஆடியோ வடிவமைப்பாளர் மார்க் லெவின்சனின் ஹெச்.க்யூ.டி. என்ற ஸ்பீக்கர் அமைப்பில் பக்கத்துக்கு இரண்டு குவாட் பேனல்களை அடுக்கி, பாஸுக்கென்று 24 அங்குல ஹார்ட்லி ஊஃபர்களைத் தனியாகக் கொடுத்துவிட்டார்கள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். நான் நான்கு மாதம் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் அவர்கள் எப்போதோ இருந்திருக்கிறார்கள்.

ஹைப்ரிட் இதே வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துத் தருகிறது, அதுவும் இன்னும் தாராளமாக. பெரும்பாலானவற்றில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் ஊஃபருக்குப் போய்விடும். பேனல் கிடாரின் கடி, குரல், தாளத்தட்டு ஆகியவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளும். படலம் கொஞ்சம் ஆடினால் போதும் என்பதால் தகடுகளை நெருக்கி வைக்கலாம், நெருக்கினால் அதே வோல்டேஜுக்குச் சத்தம் கூடும். உரத்த ராக் கேட்பவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பேனலும் ஊஃபரும் சேருகிற இடத்தில் தையல் தெரியும், அதை மறைக்க முடியாது. முதல் வாரம் பாஸ் கிடார் இரண்டாகக் கிழிந்தது போல இருந்தது: விரல் கம்பியைச் சுண்டும் ஓசை ஓரிடத்தில், அதன் உடம்பு இன்னோரிடத்தில். காரணமும் புரிகிறது. உயரமான பேனலின் சத்தம் தூரம் இரட்டிக்கும்போது சுமார் 3 டெசிபெல் குறையும். ஊஃபரின் சத்தம் 6 குறையும். ஆகவே நாற்காலியை நகர்த்தினாலே பாஸின் அளவு மாறிவிடும். இரண்டு மீட்டரில் பாஸ் கூடுதலாகத் தெரிகிற ஜோடி நான்கு மீட்டரில் சப்பென்று தோன்றலாம். அறையின் எதிரொலியும் சேரும்போது கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, ஆனாலும் திசை இதுதான். நாற்காலியை அரை அடி அரை அடியாக நகர்த்தி ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன், ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டது. முழுப் பேனலின் அந்தத் தையலே இல்லாத அழகு இதில் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். சத்தம் குறைவாக, குரல் மட்டும் கேட்பவர்களுக்கு நான் இன்னும் முழுப் பேனலைத்தான் சொல்வேன்.

ஹார்ன் விஷயத்துக்கு வருவோம். சத்தம்தான் ஒரே அளவுகோல் என்றால் போட்டியே இல்லை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பதுதான் உணர்திறன். இஎஸ்எல்-63இன் உணர்திறன் 86 டெசிபெல். 1946இலிருந்து வருகிற கிளிப்ஷ்ஹார்னுக்கு நிறுவனம் சொல்வது 105. அந்த 19 டெசிபெல் வித்தியாசத்தை வாட்டில் சொன்னால் கிட்டத்தட்ட 80 மடங்கு. அங்கே ஒரு வாட் செய்வதற்கு இங்கே எண்பது வாட் வேண்டும். நண்பரின் ஹார்ன் அந்த அளவுக்குப் பெரியதில்லை, ஆனாலும் ஸ்னேர் ட்ரம்மின் அடி நெஞ்சில் வந்து இடிக்கும், பேனலில் அந்த இடி இல்லை, என் ஹைப்ரிடிலும் அதில் பாதிதான். ஆனால் மூன்றாவது வாரத்தில் கிடார்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத் தோன்றத் தொடங்கின, எந்த இசைத்தட்டைப் போட்டாலும் முதலில் ஹார்னின் குரல், அப்புறம்தான் பாட்டு. அது அந்த ஜோடியின் குணமா, என் அறையில் வைத்த இடத்தின் கோளாறா என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. பேனலின் மின்தடை உச்ச அதிர்வெண்ணில் ஒரு ஓம் வரைக்கும் இறங்கும், குறைந்த ஓமில் திணறாத ஆம்ப் வேண்டும். ஹார்னுக்கு எதுவும் போதும். பேனலுக்குப் பின்னால் ஒரு மீட்டராவது இடம் விட வேண்டும். தட்டையான பேனலில் நடு நாற்காலிக்காரருக்கு மட்டும் விருந்து. மார்ட்டின்லோகன் போலப் பேனலை வளைத்துச் செய்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் கொஞ்சம் கிடைக்கும். தூசியை மின்னேற்றம் இழுத்துக்கொண்டே இருக்கும், ஈரக்காற்றில் மின்னேற்றம் கசியும். அவ்வப்போது பிளக்கைப் பிடுங்கி, மின்னேற்றம் வடிய விட்டு, வேக்குவம் பிடிக்கிறேன். ஹைப்ரிட் எனக்கு மூன்று வருடம்தான் ஆகிறது, பத்தாவது வருடத்துப் பேனலைப் பற்றி அப்போது பேசலாம்.

ஒரு எச்சரிக்கை, இது பேனல் வாங்குபவருக்கு மட்டும். நாம் சத்தத்தைப் பாதி, ஸ்பீக்கர் திணறும்போது தானே சேர்க்கும் கரகரப்பை வைத்துத்தான் எடைபோடுகிறோம். பேனலில் அந்தக் கரகரப்பு இல்லாததால் சத்தமாகவே தோன்றாது. 88 இருக்கும் என்று நினைத்து மீட்டரை எடுத்துப் பார்த்தால் 97. பணியிடங்களுக்குச் சொல்லப்படும் கணக்கில் 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம், ஒவ்வொரு 3க்கும் நேரம் பாதி, 97க்கு அரை மணிதான். நான் ஒரு முழு இசைத்தட்டைக் கேட்டு முடித்திருந்தேன்.

வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் போடும் பெண் குரலையும் ஒற்றைக் கிடாரையும் கேட்டு மயங்க வேண்டாம். பாஸ் கிடாரும் கிக் ட்ரம்மும் ஒன்றாக விழுகிற உங்கள் இசைத்தட்டைக் கொண்டுபோய், வீட்டில் கேட்கிற அதே தூரத்தில் உட்கார்ந்து, வீட்டில் வைக்கிற அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். அட்டை தட்டும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே முழுப் பேனல் வைத்திருந்து விற்க மனமில்லை என்றால் முதலில் ஃபில்டரை வாங்குங்கள், சப்வூஃபரை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.