சோலார் வெந்நீர் போடும் முன் மாடித் தொட்டியின் உயரத்தை அளந்து பாருங்கள்

வேலூரில் வெந்நீருக்காக 55,000 ரூபாய் செலவு செய்தேன் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மே மாத மதியத்தில் இங்கே சும்மா குழாயைத் திறந்தாலே கை சுடும். ஆனால் மார்கழி விடியற்காலையில் கோட்டைப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும், இந்த ஊரிலும் பல் கிட்டித்துப் போகும். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபிறகு அண்டாவில் காய்ச்சி, பக்கெட்டில் ஊற்றி, குளியலறை வரை தூக்கிப் போகும் வேலை இனி அவரால் ஆகாது. ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்க ஒரு ஷவர், அதில் வெந்நீர். நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

வீடு வேலப்பாடியில், தாத்தா கட்டியது. மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து போட்ட பழைய தளம். கான்கிரீட் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் பின்னால் வரும்.

காலைப் பேப்பருக்குள் மடித்து வந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் கடைக்குப் போன் செய்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம், புகார் நடந்துகொண்டிருக்கிறது. அன்று சாயங்காலமே ஒருவர் வந்தார். டீ குடித்தார். மாடிக்கு ஏறவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். “சோலார்னா கவர்மென்ட் மானியம் இருக்கு சார், 78,000 வரைக்கும் வருது, டிவியிலயே சொல்றாங்களே” என்றார். நானும் டிவியில் பார்த்திருந்தேன், நம்பினேன். அந்த 78,000 ரூபாய், 2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மொட்டை மாடியில் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்குத் தருவது. தண்ணீர் காய்ச்சும் கண்ணாடிக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டுக்கும் சோலார் என்றே பெயர் இருப்பது இவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

200 லிட்டர் சோலார், தலைக்கு மேலே தட்டு மாதிரி அகலமான ரெய்ன் ஷவர், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் மிக்ஸர், குழாய் வேலை எல்லாம் சேர்த்து 46,000. பில் கேட்டேன். “பில்லுன்னா ஜிஎஸ்டி தனி சார்” என்றார். கொட்டேஷன் துண்டுச் சீட்டு ஒன்றோடு விட்டுவிட்டேன். பணத்தை ஜிபேயில் அனுப்பியது மட்டும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

நான் ஆபீஸில் இருந்த நாளாகப் பார்த்து வந்து மாட்டினார்கள். சாயங்காலம் ஏறிப் பார்த்தால் பளபளவென்று இருந்தது. மறுநாள் அம்மா ஷவரைத் திறந்தார். தட்டில் இருந்து நாலைந்து இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. “இதுக்கு அண்டாவே தேவலடா” என்றார்.

கடைக்காரரிடம் சொன்னதும் பிரஷர் பம்ப் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். இன்னொரு 9,000. பம்பைப் பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் வைத்தார்கள். இப்போது ஷவர் கொட்டியது, ஆனால் ஜில்லென்று. அதோடு மாடியில் சோலார் டேங்க்கின் மேல் நிற்கும் காற்றுக் குழாயிலிருந்து தண்ணீர் பொங்கி, தளமெல்லாம் ஓடியது. காலையில் அம்மா குளிக்கும் நேரம் தவறாமல் இப்படி. மேல் வீட்டுக் குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை. பாலாற்றில்கூட 2021 நவம்பரில்தான் பெரிய வெள்ளத்தைப் பார்த்தோம், எங்கள் மாடியில் தினமும் வந்தது.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பூஜை அறையில் உத்திரத்தின் ஓரமாக ஈரம் இறங்கியது. ஸ்டாண்டின் நாலு காலையும் அந்த மெட்ராஸ் டெரஸில் டிரில் போட்டு போல்ட் அடித்து, ஓட்டையைச் சிமெண்ட்டால் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புத் தளத்தோடு சிமெண்ட் ஒட்டி நிற்காது, விரிசல் விட்டுவிடும். மேலும் தண்ணீர், இரும்பு எல்லாம் சேர்த்து 200 கிலோவுக்கு மேல் வரும் பாரத்தை அறையின் நட்டநடுவில் நிறுத்தியிருந்தார்கள். சுவர் வரிசையின் மேல் இரும்புச் சேனல் போட்டு அதன்மேல் வைத்திருந்தால் ஒரு ஓட்டை கூடப் போட வேண்டியிருந்திருக்காது.

இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தவர் சைதாப்பேட்டையில் இருந்து வந்த ஒரு பிளம்பர் பாய். (எங்கள் ஊர் சைதாப்பேட்டை, சென்னையுடையது அல்ல.) அவர் மாடியேறியதும் சோலாரைத் திரும்பியே பார்க்கவில்லை. பச்சைத் தண்ணீர் சின்டெக்ஸைத்தான் பார்த்தார். அது மூணு அடி செங்கல் திண்டின் மேல் இருக்கிறது. சோலார் டேங்க்கின் தலையோ அந்தத் திண்டைவிட ரெண்டு அடி உயரம். “தொட்டியோட அடி, சோலார் தலைக்கு மேல இருக்கணும் சார். தண்ணி தானா மேல ஏறுமா?” என்றார். சின்டெக்ஸ் நிரம்பி இருந்தால்தான் சோலார் நிரம்பும், இறங்க இறங்க அதுவும் இல்லை. எட்டு வயசுப் பையனுக்கே தெரியும் விஷயம். 46,000 கொடுத்த எனக்குத் தோன்றவில்லை.

ஷவர் கணக்கையும் அவர்தான் போட்டார். பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் இருந்தால்தான் குழாயில் ஒரு கிலோ பிரஷர். எங்கள் வீட்டில் தொட்டியின் அடியிலிருந்து ஷவர் வரை ஏழு அடி, அதாவது ரெண்டு மீட்டர் சொச்சம். கால் கிலோ கூட இல்லை. ரெய்ன் ஷவர் ஒழுங்காகப் பெய்ய அரைக் கிலோவாவது வேண்டும். இது விற்றவருக்குத் தெரியாமல் இருக்காது. பம்ப் விஷயத்திலும் அதே கதை. பச்சைத் தண்ணீர் மட்டும் பலமாக வந்தால், மிக்ஸருக்குள் அது வெந்நீர்ப் பக்கமாகத் திரும்பி, அதே குழாய் வழியாக மேலேறி, சோலார் டேங்க்கை நிரப்பிக் காற்றுக் குழாய் வழியே வழியும். வெந்நீர் லைனில், தண்ணீரைத் திரும்பி ஏறவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டிருக்க வேண்டும். பம்ப் போட்டே ஆகவேண்டும் என்றால் டேங்க்குகளுக்குப் பிறகு இரண்டு லைனுக்கும் போட வேண்டும். சோலார் டேங்க்குக்கு முன்னால் போடவே கூடாது, இந்த வகை டேங்க் பிரஷரைத் தாங்காது, ரப்பர் வளையங்கள் கக்கிவிடும்.

அப்புறம் பாய் வெந்நீர்க் குழாயைச் சுற்றியிருந்த கறுப்பு ஃபோமைக் கத்தியால் கீறினார். உள்ளே சாதாரண வெள்ளை யுபிவிசி பைப். சொன்னது வெந்நீருக்கான சிபிவிசி. சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும், பைப் மேலேயே அச்சடித்திருப்பார்கள். யுபிவிசி 60-ஐத் தாண்டினால் தளர ஆரம்பிக்கும். நாலு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் வெயிலில் டேங்க் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் போய்விடும். ஒரு ஜாயின்ட் ஏற்கெனவே நெளிந்திருந்தது. அதன் கீழேதான் அம்மா துணி காயப்போடுவார்.

கடைசியாகக் கண்ணாடிக் குழாய்களை எண்ணினோம். பதினைந்து. டேங்க் நிரம்பியிருக்கும்போதே டிரெய்ன் வால்வைத் திறந்து 15 லிட்டர் பக்கெட்டில் பிடித்துப் பார்த்தோம், பத்து பக்கெட்டோடு நின்றது. 200 என்று விற்றது 150 லிட்டர் டேங்க்.

கடையில் போய்க் கேட்டதற்கு, “உங்க வீட்டு போர் தண்ணி உப்பு சார், அதான் எல்லாம்” என்றார்கள். உப்புத்தண்ணீர்தான், மறுக்கவில்லை. அதற்காக டேங்க் 50 லிட்டர் சுருங்குமா? வாரண்டி அட்டையில் தேதியும் சீரியல் நம்பரும் காலி. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாததால் ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு, பக்கெட்டோடு எடுத்த வீடியோ ஆகியவைதான் என் சாட்சி.

இப்போது அம்மா குளிப்பது 15 லிட்டர் கெய்சரில். பழைய வீட்டு 6 ஆம்ப் பிளக்கில் செருகவில்லை. 2 கிலோவாட் கெய்சர் 9 ஆம்பியர் வரை இழுக்கும், அதனால் தனி 16 ஆம்ப் லைன், சரியான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி எல்லாம் போட்ட பிறகே ஆன் செய்தோம். உட்கார்ந்து நனைந்தபடி குளிப்பவருக்கு அதில் சமரசம் கிடையாது. இருபது நிமிடத்தில் காய்கிறது, பச்சைத் தண்ணீர் கலந்தால் முப்பது லிட்டருக்கு மேல் வருகிறது. ரெய்ன் ஷவரைக் கழற்றிவிட்டுக் கையில் பிடிக்கும் ஷவர் மாட்டினார் பாய். “அம்மாக்கு எதுக்கு சார் மழை” என்று கேட்டுக்கொண்டே.

தளத்தை ஒரு கொத்தனார் சுண்ணாம்பு வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் கடையிலிருந்து போன் வந்தது, 8,000 தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று. வாங்கவில்லை.