பழைய லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் ரீசெட் செய்து பாருங்கள்

கல்லூரி திறக்கும் மாதங்களில் சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வியாபாரம் சூடு பிடித்துவிடும். எந்தக் கடைக்குப் போகலாம், எந்த மாடல் வாங்கலாம் என்று எங்கள் விடுதியில் ஜூனியர் மாணவர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நடந்ததைத் தெரிந்துகொண்டால் போதும். இதே ஏமாற்று எந்தக் கடையிலும் நடக்கலாம்.

நான் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பில்தான் இரண்டு ஆண்டுகள் நிரல் எழுதினேன். கைபேசிச் செயலிகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்தால் அது அப்படியே உறைந்துவிடும். 16 ஜிபி ராம் உள்ள புதிய லேப்டாப் எங்கள் வீட்டு வருமானத்துக்கு எட்டாது. அம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்து 28,000 ரூபாய் தந்தார். அந்தப் பணத்தின் அருமை தெரிந்ததால், வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியதையெல்லாம் படித்துவிட்டுத்தான் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினேன்.

ரிச்சி தெருவுக்கு வரும் பழைய லேப்டாப்புகளில் பெரும்பகுதி நிறுவனங்கள் பயன்படுத்தியவை. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறுவனங்கள் ஊழியர்களின் லேப்டாப்புகளை மொத்தமாக மாற்றும். குத்தகை முடிந்தவையும் ஏலத்தில் போனவையும் மொத்த வியாபாரிகளின் கை மாறி இங்கே வந்து சேரும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதும் பழையதைக் கழிக்க இன்னொரு காரணமானது. தரத்தைப் பொறுத்தவரை இவை உறுதியான இயந்திரங்கள். இதே விலைக்குக் கிடைக்கும் புதிய லேப்டாப்பைவிட இவற்றின் கீலும் விசைப்பலகையும் பல மடங்கு மேல் என்றுதான் இப்போதும் சொல்வேன். நிறுவனத்திலிருந்து வெளியேறியபோது அதன் பூட்டும் சேர்ந்து அவிழ்க்கப்பட்டதா என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கடையில் ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பார்த்தேன். திரையை முழு வெள்ளையாக்கிப் புள்ளிகளைத் தேடினேன். யுஎஸ்பி துளைகள், கேமரா, ஒலிபெருக்கி எல்லாம் வேலை செய்தன. பேட்டரி அறிக்கையை எடுத்தேன். தொடக்கத்தில் இருந்த கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கு மிச்சமிருந்தது. கோப்புகளைச் சேமிக்கும் வட்டான எஸ்எஸ்டியும் நல்ல நிலையில் இருந்தது. விண்டோஸ் 11 புரோ நிறுவப்பட்டு, ஆக்டிவேட் ஆகியிருந்தது. பத்தாம் தலைமுறை ஐ5 என்பதால் விண்டோஸ் 11க்குத் தகுதியானதும்கூட. குறை என்று சொல்ல மூடியில் ஒரு கீறல் மட்டுமே.

பில் கேட்டேன். “ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் சேரும் தம்பி” என்றார் கடைக்காரர். எஸ்டிமேட் தாளில் ‘லேப்டாப் 1’ என்று எழுதி முத்திரை குத்தித் தந்தார். சீரியல் எண்ணையும் எழுதுங்கள் அண்ணா என்றதற்கு, பழைய பொருளுக்கு அதெல்லாம் எழுதும் வழக்கம் இல்லை என்றார். யுபிஐ வழியாகக் கடையின் கணக்குக்கே பணம் அனுப்பினேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பதிவுதான்.

தேர்வுகள் முடியும்வரை லேப்டாப் ஒழுங்காகவே ஓடியது. யாரோ நிறுவிக்கொடுத்த விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்க எனக்கு மனமில்லை. உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் விடுமுறை தொடங்கியதும் எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸைப் புதிதாகத் தொடங்க வைக்கும் ரீசெட்டைச் செய்தேன். மொழியையும் விசைப்பலகையையும் தேர்ந்தெடுத்து, விடுதி வைஃபையை இணைத்தேன். அடுத்த திரையில் எனக்குத் தொடர்பே இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரும் சின்னமும் வந்து நின்றன. நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே வரச் சொன்னது. அதைத் தாண்ட வழியே இல்லை.

இதன் பெயர் விண்டோஸ் ஆட்டோபைலட். நிறுவனங்கள் லேப்டாப் வாங்கும்போது அதன் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட்டிடம் தங்கள் பெயரில் பதிந்துவைக்கும். ஊழியர் வீட்டிலிருந்தே பெட்டியைப் பிரித்து இணையத்தில் இணைத்தால், நிறுவனத்தின் அமைப்புகள் தாமாக வந்து அமர்ந்துகொள்ளும். நல்ல வசதிதான். ஆனால் அந்தப் பதிவு வட்டில் இல்லை, மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் இருக்கிறது. எஸ்எஸ்டியை மாற்றினாலும் விண்டோஸை எத்தனை முறை நிறுவினாலும் அது போகாது. அந்த நிறுவனத்தின் நிர்வாகி பதிவை நீக்க வேண்டும். வீட்டை விலை பேசி வாங்கிக் குடியேறிய பிறகும் பத்திரம் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே கிடப்பது போன்ற நிலை இது.

அப்படியானால் கடையில் மட்டும் எப்படி ஓடியது? நிறுவும் நேரத்தில் இணையம் இருந்தால்தான் இந்தச் சோதனை நடக்கும். இணையத்தைத் துண்டித்துவிட்டு, இணையம் தேவைப்படாத, அந்த லேப்டாப்பில் மட்டும் இருக்கும் லோக்கல் கணக்கு ஒன்றை உருவாக்கி நிறுவினால் அந்தத் திரையே வராது. பிறகு இணையத்தை இணைத்தாலும் வழக்கம்போல ஓடும். அடுத்த ரீசெட் வரைக்கும் வாங்கியவருக்கு எதுவும் தெரியவராது. இதை அறியாமல் செய்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். கடைக்குப் போன பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

திரையைக் காட்டியதும் கடைக்காரர் வியப்படையவே இல்லை. “ரீசெட் எதற்குச் செய்தீர்கள் தம்பி? கொடுங்கள், பத்து நிமிடத்தில் நெட் இல்லாமல் ஓஎஸ் போட்டுத் தருகிறேன். இனிமேல் ரீசெட் மட்டும் செய்யாதீர்கள்” என்றார். விற்கும்போதே அவருக்கு எல்லாம் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரீசெட் செய்துவிட்டதால் வாரண்டி போய்விட்டது என்றார். சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டினார்.

விண்டோஸே வேண்டாம், அதற்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று விடுதிக்குத் திரும்பி முயன்றேன். லினக்ஸுக்கும் ஆட்டோபைலட்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் பென்டிரைவிலிருந்து துவக்கப் போனபோது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கி லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள், கடவுச்சொல் கேட்டது. அதையும் பழைய நிறுவனம்தான் வைத்திருக்கிறது. வணிக ரக லேப்டாப்புகளில் இந்தச் சூப்பர்வைசர் கடவுச்சொல் மதர்போர்டில் இருக்கும் சிறிய சிஎம்ஓஎஸ் பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் வகையல்ல. சில மாடல்களில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். 2,500 ரூபாய் கொடுத்தால் சிப்பை மாற்றி எழுதித் தருவதாகக் கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். அவர் விற்ற பூட்டை அவிழ்க்க நான் மறுபடியும் பணம் தர வேண்டுமாம். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இதில் இன்னொரு அச்சமும் இருக்கிறது. பதிவு நீக்கப்படாத லேப்டாப் முறைப்படி கழிக்கப்பட்டதா, காணாமல் போனதா என்பது வாங்குபவருக்குத் தெரியாது. திருட்டுப் பொருள் என்றால் கையில் சீரியல் எண் எழுதிய பில் இல்லாத மாணவன்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சில இயந்திரங்களில் பயாஸுக்குள்ளேயே ‘அப்சல்யூட்’ என்ற தடமறியும் வசதி இருக்கும். அது இயக்கத்தில் இருந்தால் பழைய நிறுவனம் தொலைவிலிருந்தே லேப்டாப்பை முடக்க முடியும். புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கடையில் நிற்கும்போதே இணையத்தோடு ரீசெட் செய்து பாருங்கள். அரை மணியோ ஒரு மணியோ ஆகலாம், காத்திருங்கள். கடையின் வைஃபை வேண்டாம், உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை இணையுங்கள். சாதாரணமாக எந்தக் கணக்கை வேண்டுமானாலும் தொடங்க விட்டால் சரி. ஒரு நிறுவனத்தின் பெயர் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பயாஸுக்குள் நுழைந்து ஏதேனும் ஓர் அமைப்பை மாற்றிச் சேமிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். சில மாடல்கள் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விட்டுவிடும், மாற்ற மட்டும் விடாது. மேக்புக் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்; அங்கே ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்ற திரை வரும். சீரியல் எண்ணை மட்டும் வைத்து ஆட்டோபைலட் பதிவைச் சரிபார்க்க வாங்குபவருக்குப் பொது இணையதளம் எதுவும் இல்லை. ரீசெட் செய்ய நேரமில்லை என்று சொல்லும் கடையில் பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பலகையைக் கண்டு பயந்துவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். திரையின் படம், எஸ்டிமேட் தாள், யுபிஐ பதிவு, கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ‘ரீசெட் செய்யாதீர்கள்’ செய்தி எல்லாவற்றையும் இணைத்துப் புகார் பதிந்தேன். அதன் பிறகுதான் கடைக்காரரின் பேச்சு இறங்கியது. தேய்மானம் என்று 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 22,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். மீதியை விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தர வழக்கறிஞர் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை, இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. மனுவை எழுதி முடித்துவிட்டேன்.

சென்ற வாரம் நண்பன் ஒருவன் அந்தப் பக்கம் போயிருந்தான். நான் திருப்பிக் கொடுத்த லேப்டாப் அதே கடையின் கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு இருக்கிறதாம். 29,500 ரூபாய் சொன்னார்களாம். 14 அங்குலத் திரை, பத்தாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், மூடியின் இடது ஓரத்தில் நீளமான கீறல். யாராவது அதை உங்களிடம் காட்டினால் வாங்காதீர்கள்.