மலைக்காட்டில் அணில் பார்க்க: 8×42-ஆ, 10×42-ஆ?

முதல் பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். (8, 10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மி.மீ.-இல்.) 10 இன்னும் பெரிதாகக் காட்டுமே, அப்புறம் என்ன யோசனை? நானும் அப்படி நினைத்துத்தான் முதலில் 10 வாங்கினேன்.

எடை, விலை: ஒரே தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விடுங்கள்.

வெளிச்சம்: கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 8-இல் 5.25 மி.மீ., 10-இல் 4.2 மி.மீ. நடுப்பகலில் இது உறைக்காது. விடிந்தும் விடியாத பைன் மரத்தடியில் உறைக்கும்.

பார்வைப் பரப்பு: பெரும்பாலும் 8-தான் அகலம். அணில் ஆளைக் கண்டால் மரத்தண்டின் மறுபக்கம் நழுவிவிடும். 10-இல் துழாவிக்கொண்டிருந்தால் வெறும் பட்டைதான் மிஞ்சும். (பட்டையும் பார்க்க வேண்டியதுதான், அது வேறு விஷயம்.)

கை நடுக்கம்: ஏற்றம் ஏறி மூச்சு வாங்கும்போது 10-இல் மரமே ஆடும்.

நுணுக்கம்: இதில் 10-க்கே என் ஓட்டு. எதிர்ச்சரிவில் ஓர் அணில் பைன் கூம்பை முன்னங்கால்களில் உருட்டி, அடியிலிருந்து செதில் செதிலாகக் கடித்து விதையை எடுக்கும்; கடைசியில் நடுத்தண்டு மட்டும் கீழே விழும். பிறகு பின்பாதங்களைப் பின்னோக்கித் திருப்பிப் பட்டையைப் பற்றியபடி தலைகீழாக இறங்கும். அந்த நகங்கள்வரை தெரியும்.

அடர்காட்டில் நடந்துகொண்டே பார்ப்பவருக்கு 8. திறந்த சரிவில் முழங்காலில் முழங்கையை ஊன்றி மணிக்கணக்கில் உட்காருபவருக்கு 10. என் கழுத்தில் இப்போது தொங்குவது 8.